முதலில் எந்த இலை?

வானொலியில் இலையைக் காட்ட முடியாது. வாரம் ஒருமுறை வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசும் நிகழ்ச்சியை நடத்தத் தொடங்கியபோது எனக்குப் புரிந்த முதல் சங்கடம் இதுதான். நேயர் அழைப்பார். "மிளகாய்ச் செடி இலையெல்லாம் புள்ளியா இருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்மா?" என்பார். என்ன புள்ளி, எந்த நிறம், எந்த இலையில் என்று கேட்டால், "புள்ளிதாம்மா, சாதாரணப் புள்ளி" என்று பதில் வரும்.

நான் படித்தது ஊடகத்துறை. செடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, லாபிஸில் இருக்கும் என் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா அந்த வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் உரம் போட்டவர், மருந்து அடித்தவர். நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: "மருந்தைப் பத்தி அப்புறம் பேசு. மொத கேள்வி, அடி இலையா, கொழுந்தான்னு கேளு."

அந்த ஒரு கேள்வியில் பாதி நோய் பிடிபட்டுவிடும் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

தழைச்சத்து, மக்னீசியம், பொட்டாசியம் இவையெல்லாம் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி தன் பழைய இலைகளிலிருந்து இந்தச் சத்துகளை உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். வீட்டில் அரிசி குறைந்தால் பெரியவர்கள் பட்டினி கிடந்து பிள்ளைகளுக்குப் போடுவது மாதிரி. அதனால் கோளாறு முதலில் அடி இலையில் தெரியும். இரும்பும் கால்சியமும் அப்படியல்ல. ஓர் இலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து கிளம்பாது. அவை குறைந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்க, புதிய இலைதான் வாடும்.

அடி இலை முழுதாக ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக நிற்க, நரம்புக்கு இடைப்பட்ட இடம் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். இலையின் ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பானால் பொட்டாசியம். அதே பச்சை நரம்பு, மஞ்சள் இடைவெளி கொழுந்தில் தெரிந்தால் இரும்பு. தொட்டியில் வளரும் கறிவேப்பிலையில் இந்தக் கடைசிக் கோளாறை அடிக்கடி பார்க்கலாம். தாமான் வீடுகளில் கட்டட வேலை முடிந்து மிஞ்சிய சிமெண்டுத் துண்டும் கலவையும் வாசல் மண்ணிலேயே புதைந்து கிடக்கும். அந்தச் சுண்ணாம்புத் தன்மையில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. அங்கே உரம் கொட்டிப் பயனில்லை. மண்ணை மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் அம்மா இந்தப் பெயர்களில் சொல்ல மாட்டார். அவருக்கு அது செம்பனை மட்டையில் கற்ற பாடம். செம்பனையில் எந்தச் சத்து குறைகிறது என்று அறிய, தோட்ட நிர்வாகங்கள் 17ஆவது மட்டையிலிருந்து இலை எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். நடுவில் முழுதாக விரிந்த இளம் மட்டையை ஒன்று என்று வைத்து, அங்கிருந்து கீழ்நோக்கி எண்ண வேண்டும். அம்மா இலை எடுக்கும் கூட்டத்தோடும் போனவர். ஆனால் அறிக்கை வருவதற்கு முன்பே மரத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். மக்னீசியம் குறைந்த செம்பனையில் அடி மட்டைகள் ஆரஞ்சு நிறமாகும். அதிலும் வெயில் படும் இடம் மட்டும்தான் நிறம் மாறும். ஓர் இலைமேல் இன்னோர் இலையின் நிழல் விழுந்திருந்தால் அந்த நிழல் விழுந்த அளவுக்குப் பச்சை அப்படியே இருக்கும். மேலிலையைத் தூக்கிப் பார்த்தால் கீழே அதன் உருவம் பச்சையில் அச்சடித்த மாதிரி தெரியும். பூஞ்சையோ பூச்சியோ இப்படி நிழல் பார்த்து ஒதுங்காது. சிறுவயதில் அவர் எனக்கு அதைக் காட்டியிருக்கிறார். அப்போது அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் நடக்கும் கூத்து வேறு. இலை மஞ்சளானதும் கடையில் ஒரு பொட்டலம் நீல உரம் வாங்கிக் கைநிறைய அள்ளிப் போடுவோம். அந்த 12-12-17 உரத்தில் பொட்டாசியம் தூக்கல். பொட்டாசியம் மிகுந்தால் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறையும். உரத்தில் கொஞ்சம் மக்னீசியம் சேர்த்திருந்தாலும் கணக்கு சரிக்கட்டாது. மஞ்சள் கூடும், நாமும் உரத்தைக் கூட்டுவோம். ஜொகூரின் மழையும் புளிப்பு மண்ணும் சேர்ந்து இருக்கிற மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். இதற்கு எப்சம் உப்பை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்கலாம். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத்தூளை மண்ணில் கலப்பது நிலையான வழி. பலன் தெரிய மாதங்கள் ஆகும். மஞ்சளான பழைய இலை பழையபடி பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். புதிதாக வருவதைப் பாருங்கள்.

இனி புள்ளி. சத்துக் குறைவு பெரும்பாலும் ஒழுங்கோடு வரும். இலையின் இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே. நோய்க்கு அந்த மரியாதை கிடையாது, கண்ட இடத்தில் விழும். எலுமிச்சையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். துத்தநாகம் குறைந்தாலும் இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும். மரத்தையே கொன்றுவிடும் பசுமைநோய் என்ற பாக்டீரியா நோயிலும் அப்படித்தான். நடு நரம்பில் இலையை மடித்துப் பார்த்தால், முன்னதில் இரு பக்கமும் பொருந்தும், பின்னதில் பொருந்தாது. பசுமைநோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்திலும் முட்டையிடும். எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் கொழுந்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

மிளகாயில் நடுவில் சாம்பல் வெள்ளை, சுற்றி அடர்பழுப்பு வளையம் என்று தவளைக் கண் மாதிரி இருந்தால் பூஞ்சை. அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, செடிக்கு மேலே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாலே பாதி அடங்கும். இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் ஒரே பூச்சிமருந்து கேட்காது. சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல.

சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் அழைத்தார். கறிவேப்பிலை மரத்தில் வெளுத்த புள்ளிகள், காய்ந்த ஓட்டைகள். கடைக்காரர் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை, மூன்றாவதாக வேறொன்று வாங்கி வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் வீட்டிலிருக்கிறார்கள், தினமும் ரசத்துக்கு அந்த மரத்து இலைதான். அவரை வரியில் காத்திருக்கச் சொல்லி, பாட்டைப் போட்டுவிட்டு அம்மாவை அழைத்தேன்.

அம்மா மூன்றே விஷயங்களைக் கேட்கச் சொன்னார். புள்ளி மரம் முழுக்கவா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரே நாளில் வந்ததா, பரவிக்கொண்டே இருக்கிறதா? வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? ஒரு பக்கம் மட்டும்தான், ஒரே சமயத்தில் வந்தது, புதுக் கொழுந்து சுத்தமாக இருக்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவரின் சின்னச் செம்பனைத் தோட்டம். "அது நோயில்ல. அங்க புல்லுக்கு அடிச்ச மருந்து காத்துல வந்து பட்டிருக்கு" என்றார் அம்மா. துளி விழுந்த இடம் மட்டும் சுட்டுப்போகும், மற்ற இடம் பச்சையாகவே இருக்கும்.

அம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர் முதுகில் பம்பைச் சுமந்து அடித்தது பாராகுவாட். கலந்தே கொடுப்பார்கள், டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததே இல்லை. வாயில் கட்டிக்கொள்ள ஒரு துணி. அவருக்கு நகங்கள் கறுத்து, சில விரல்களில் கழன்று மறுபடி முளைத்தன. மூக்கில் ரத்தம் வந்த நாள்களும் உண்டு. "சூடு" என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுவார். தோட்டத்தில் மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் நம் பெண்கள். அவர்கள் அனுபவித்ததை ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆய்வாகவே வெளியிட்டது. அந்த ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. இப்போது தோட்டங்களில் வேறு மருந்துகள். பட்ட இடத்தைச் சுடும் வகை அவற்றிலும் உண்டு.

இதனால்தான் "என்ன மருந்து அடிக்கலாம்?" என்ற கேள்வி முதலில் வரும்போது எனக்கு உறுத்துகிறது. அம்மாவுக்கு வேறு வழியில்லை, அது அவருடைய கூலி. நம் வாசல் கறிவேப்பிலைக்கு நாமே காசு கொடுத்து வாங்கி அடிக்கிறோம், அதுவும் இல்லாத நோய்க்கு. கறிவேப்பிலை உரித்துச் சாப்பிடும் பொருளல்ல. அடித்ததெல்லாம் இலைமேலேயே இருக்கும், இலையோடு குழம்புக்குள் போகும். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை மருந்து எச்சத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சோதனைக்கு உட்படுத்தியது சும்மா அல்ல. உண்மையிலேயே மருந்து தேவைப்படும் நேரமும் வரும். அப்போது அந்தப் பயிருக்கென்று சொல்லப்பட்ட மருந்துதானா, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போத்தலில் படியுங்கள். எழுத்து பொடிதாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த ஐயாவிடம், புள்ளி விழுந்த கிளைகளை வெட்டி எறிந்துவிட்டு, மருந்து படாத புதுத் தழை வரும்வரை கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். காற்றில்லாத காலை நேரத்தில் அடிக்கும்படி பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசச் சொன்னார் அம்மா. மூன்றாவது மருந்தின் போத்தலை அவர் இன்னும் திறக்கவில்லை. நல்லவேளை.

மழைக்காலத்துக்கு ஒன்று. 2011 ஜனவரியில் தெனாங் இடைத்தேர்தல் வெள்ளத்துக்கு நடுவில் நடந்ததை எங்கள் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நாள்களில் வேர் மூச்சுத் திணறும், செடி முழுக்க மஞ்சளாகும். அது பசி அல்ல. உரம் போட்டால் வேர் இன்னும் கெடும். விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் நீர் வடிய வழி செய்துவிட்டுச் சும்மா இருங்கள்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்களுக்கு: இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், செடி முழுவதும் என்று மூன்று படங்கள், காலை வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். இரவில் விளக்கின் கீழ் எடுத்தால் எல்லா இலையும் மஞ்சள்தான். படத்திலும் பிடிபடாவிட்டால், பாதி கெட்ட இலை ஒன்றையும் நல்ல இலை ஒன்றையும் ஈரமில்லாமல் காகிதத்தில் சுற்றி, மாவட்ட விவசாய இலாகா அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். முழுதாகக் காய்ந்துபோன இலையைக் கொண்டுபோகாதீர்கள். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.