ரதியின் கண்ணுக்கு மட்டும்

மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து பிறை தோன்றியதும் மலையகத் தோட்டங்களில் காமன் ஊன்றுவார்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்த மக்கள், இரவில் கோயில் முற்றத்திலே கூடுவர். தப்பு முழங்கும். ஆண்களே ரதியாகவும் மதனாகவும் வேடம் புனைந்து ஆடுவர். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த மூதாதையர், மூட்டை முடிச்சுகளோடு சுமந்து வந்த செல்வம் இந்தக் காமன் கூத்து.

கதை யாவரும் அறிந்ததே. தவத்தில் ஆழ்ந்த சிவன்மீது மன்மதன் மலர்க்கணை தொடுக்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது, மதன் சாம்பலாகிறான். ரதியின் புலம்பலுக்கு இரங்கி இறைவன் உயிர் தருகிறான். ஆனால் மதனின் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஏனையோருக்கு அவன் இல்லாதவனே.

இந்த முடிவின் பொருளைச் சில ஆண்டுகளுக்கு முன், ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில்தான் நாம் உணர்ந்தோம். நம் பக்கத்தில் ஒரு தாய் நின்றிருந்தார். அவருடைய மகன் ஒரு காலத்தில் நம்மிடம் படித்தவன். மனநோய் கண்டு, பல மாதங்கள் வைத்தியசாலையில் இருந்து திரும்பியிருந்தான். மாத்திரைகளை ஒழுங்காக உண்டான், உறக்கம் மீண்டது, காதில் கேட்ட குரல்கள் அடங்கின. ஆயினும் லயத்தில் அவனுக்குப் பெயர் 'பைத்தியம்' என்பதே. பெரட்டுக் களத்தில் அவன் எதைச் சொன்னாலும் சிரிப்பே விடையாகக் கிடைத்தது. ரதி அழுது ஆடிய வேளையில் தாய் மெல்லச் சொன்னார்: "எம் மவன் நல்லாயிட்டான்னு என் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியுது, மாஸ்டர்."

நோயாளி குணமடைந்தான் என்று எப்போது சொல்வது? குரல்கள் அடங்குவது மருந்தின் வெற்றி. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சாம்பலிலிருந்து எழுந்தவனை ஊர் காணாவிட்டால் அவன் எழுந்தும் எழாதவனே அன்றோ?

பிரேசில் நாட்டில் நீசே ட சில்வேரா என்றொரு பெண் மருத்துவர் இருந்தார். மார்க்சிய நூல்களை வைத்திருந்தார் என்று 1936இல் சிறையிடப்பட்டவர். பின்னர் ரியோ டி ஜெனிரோவின் மனநோய் வைத்தியசாலையில் மின்னதிர்ச்சி கொடுக்க மறுத்தார். 1946இல் அங்கே ஓர் ஓவியக்கூடம் திறந்து நோயாளர் கையில் தூரிகையைக் கொடுத்தார். பேச்சிழந்தோர் வண்ணத்தால் பேசினர். 1952இல் அவ்வோவியங்களுக்கென ஓர் அருங்காட்சியகமே எழுந்தது. மருத்துவர் மட்டும் கண்ட மனிதர்களை மக்களும் கண்டனர். எனினும் அவர்களுள் சிலர் இறுதிவரை வைத்தியசாலையிலேயே வாழ்ந்தனர் என்பதையும் மறத்தலாகாது. ஓவியம் வெளியே வந்தது. ஓவியன் வெளியே வரவில்லை.

நமது மலையகத்திலோ காணாதிருத்தல் நெடுங்காலப் பழக்கம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களையே நாட்டின் கண்ணுக்குத் தெரியாதவராக்கியது. அக்குறையைத் தீர்க்க 2003 வரை சட்டத்தின் மேல் சட்டம் வேண்டியிருந்தது. மனநோய்ச் சிகிச்சை என்றால் கொழும்புக்கு அருகே அமைந்த அங்கொடை என்றே பல தலைமுறைகள் அறிந்திருந்தன. மலையிலிருந்து அது நெடுந்தூரம். சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் தேசியக் கொள்கை 2005இல்தான் வந்தது. இன்றும் கிளினிக்குக்குச் செல்லும் நாளில் தோட்டத் தொழிலாளிக்குப் பேர் விழாது; அன்றைய கூலி போயிற்று. அங்கே தன் வேதனையைத் தன் மொழியில் சொல்லவும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கூத்து நோயைத் தீர்க்கும் என்று நாம் கூற வரவில்லை. அப்படிக் கூறுவது, நோயாளியைப் பேயோட்டியிடம் இழுத்துச் செல்வோருக்கே துணைபோகும். கூத்து செய்யக்கூடியது வேறொன்று. அடுத்த மாசியில் கூத்து வாத்தியார் அந்த இளைஞனை அழைத்துத் தூதன் வேடம் கொடுத்தார். தாய் அஞ்சினார், சிலர் முணுமுணுத்தனர். அவனும் மற்றவர்களோடு விரதமிருந்தான். இரவுகளில் அடவு பழகினான். ஆட்டத்தன்று ஓரிடத்தில் அடி தவறியது. கூட்டம் சிரித்தது. ஆனால் அது பைத்தியத்தைக் கண்ட சிரிப்பன்று. அடி தவறிய எந்த ஆட்டக்காரனுக்கும் கிடைக்கும் சிரிப்பு. அவனும் சிரித்துவிட்டு மீண்டும் ஆடினான்.

அதன்பின் ஒருமுறை நோய் திரும்பி வரவே செய்தது. முன்பு தாய் தனியே அவனை அழைத்துச் சென்றார். இம்முறை அடுத்த காம்பராக்காரர் இருவர் தம் ஒருநாள் கூலியை இழந்து உடன் சென்றனர். "நம்ம தூதன் சொகமாகி வரணுமில்லையா?" என்றார் ஒருவர். கலையின் பயன் இதுவே என்று நாம் கருதுகிறோம். அது மருந்துக்கு மாற்று அன்று. மருந்து மீட்டுத் தந்த மனிதனை ஊரின் கண்ணுக்குக் காட்டும் விளக்கு.

அந்த இருவரும் கூலியை இழக்காமல் உடன்செல்லும் நாளும் வரவேண்டும். அதற்குக் கூத்து போதாது, போராட்டம் வேண்டும்.