அம்புக்குறி எனக்கு, இசட் அக்காவுக்கு

2012-ஆம் வருஷத்து மின்வெட்டைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வல்லத்திராக்கோட்டையில் எங்கள் தெருவில் ராத்திரி கரண்ட் போனால், எப்போது வரும் என்று யாரும் கேட்பதை விட்டுவிட்டிருந்தோம். பாயைத் தூக்கி வாசலில் போட்டுவிடுவார்கள். டிவி ஓடாது, ஃபேன் சுற்றாது. தெருவுக்கே வெளிச்சம் என்றால் எங்கள் திண்ணையில் திறந்திருக்கும் அக்காவின் லேப்டாப்தான். ஈசல் வந்து திரையில் மோதும். நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடும்.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில், பிளஸ் டூ படித்த அக்காவுக்கு வந்த லேப்டாப் அது. மூடியில் முதலமைச்சர் படம். ஆன் செய்ததும் விண்டோஸா, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸா என்று கேட்கும். வீட்டில் நெட் கிடையாது. பெரிய விளையாட்டு எதையும் அது தாங்காது, தாங்கினாலும் பேட்டரி தாங்காது. ஆகவே எங்களுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் சின்ன விளையாட்டுகள், காசில்லாத விளையாட்டுகள். புதுக்கோட்டைக்குப் போகும் யாராவது பென் டிரைவைக் கொண்டுபோவார்கள். பிரவுசிங் சென்டர் அண்ணன் தனக்குப் பிடித்ததைப் போட்டுக் கொடுப்பார். என்ன வருகிறது என்று சொருகிப் பார்த்தால்தான் தெரியும். பாதி திறக்காது. மீதி பாதியில் எங்கள் விடுமுறை முழுக்கக் கழிந்தது.

அப்படி வந்ததுதான் ‘கேவ் ஸ்டோரி’. ஜப்பானில் டைசுகே அமாயா என்ற ஒரே மனிதர், ஓய்வு நேரத்தில் ஐந்து வருஷம் உட்கார்ந்து, படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2004-இல் இலவசமாகக் கொடுத்தது. ஒரு சினிமாப் பாட்டின் எம்பி3 கோப்பைவிடச் சிறியது. அதற்குள் ஒரு தீவும், முயல் போன்ற ஜீவன்களின் ஊரும், நினைவிழந்து குகையில் கண் விழிக்கும் ஒரு பையனும் இருந்தார்கள். இதையெல்லாம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எங்களுக்கு அது யார் செய்தது என்றே தெரியாது. ஆனால் யாரோ மிகவும் ஆசைப்பட்டுச் செய்திருக்கிறார்கள் என்பது மட்டும் அந்த இசையைக் கேட்டாலே தெரிந்தது.

அந்த விளையாட்டை ஆட ஆறு விசை போதும். நகர்வதற்கு அம்புக்குறிகள், குதிக்க இசட், சுட எக்ஸ். ஒருவர் ஆடுவதற்கென்று செய்தது. ஆனால் லேப்டாப் அக்காவுடையது, ஆசை எனக்கும் இருந்தது. சண்டை முற்றியபோது அம்மா சொன்ன தீர்ப்பு: ஆளுக்கு ஒரு கை. அன்றிலிருந்து அம்புக்குறி எனக்கு, இசட்டும் எக்ஸும் அக்காவுக்கு. நான் ஓட வேண்டும், அவள் குதிக்க வைக்க வேண்டும். ஒரு பையனின் காலும் கையும் இரண்டு பேரிடம்.

“குதிக்கா, குதிக்கா!”

“இருடா, நீ முதல்ல நில்லுடா.”

விழுவோம். பின்னால் கட்டிலில் சாய்ந்திருக்கும் அப்பத்தா, “அந்தப் பிள்ள மறுபடியும் விழுந்துட்டானா?” என்று உண்மையான கவலையோடு கேட்கும். கொஞ்ச நாளில் எங்களுக்குப் பேச்சே தேவைப்படவில்லை. அவள் மூச்சை இழுப்பதைக் கேட்டே, குதிக்கப் போகிறாள் என்று தெரிந்து நான் வலப்பக்கம் அழுத்துவேன். அந்த ஒத்திசைவை அதற்குப் பிறகு யாரோடும், எந்த வேலையிலும் நான் அடைந்ததில்லை.

டெரெக் யூவின் ‘ஸ்பெலங்கி’ (2008, அதுவும் இலவசம்) வேறு மாதிரி. அதில் செத்தால் முதலிலிருந்து, அதுவும் புதிதாக மாறியிருக்கும் குகையில். யாரும் மனப்பாடம் செய்து ஜம்பம் அடிக்க முடியாது. கடையில் பொருளை எடுத்துக்கொண்டு ஓடினால் கடைக்காரர் துப்பாக்கியோடு துரத்துவார். அந்த இடத்தில் திண்ணையே எழுந்து நிற்கும்.

டெமோக்களும் வரும். ‘வேர்ல்ட் ஆஃப் கூ’வின் முதல் அத்தியாயம் மட்டும் வந்தது. அது முடிந்ததும் மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னது. எங்கள் தெருவில் யாரிடமும் கிரெடிட் கார்டு கிடையாது. அதனால் இரண்டாம் அத்தியாயத்தை நாங்களே பேசி உண்டாக்கினோம். கண்மாய்க் கரையில் நடந்துகொண்டே ஒருவன் சொல்லுவான், இன்னொருவன் மறுப்பான். வாங்கியிருந்தால் இவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். வருஷத்தில் சில முறை ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் நடக்கும் நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஆயிரக்கணக்கான டெமோக்கள் ஒரே வாரத்தில் குவிகின்றன. இட்ச் தளத்தில் தனியாள் செய்த இலவச விளையாட்டுகள் ஆயுளுக்கும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன. இறக்குகிறேன், ஆடுகிறேன், அழிக்கிறேன். அற்புதமானவை இருக்கின்றன, அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கணினி விளையாட்டுகள் பலவற்றில் இடது கை நகர்த்த, வலது கை மவுஸ் பிடிக்க, இரண்டும் ஒருவருடைய கையாகவே இருக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஒருவர் உட்கார இடமில்லை. ஊரிலும் ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. அதில் வரும் இலவச விளையாட்டு நடுவில் நிறுத்தி விளம்பரம் காட்டுகிறது, நாணயம் வாங்கச் சொல்கிறது. இப்போதைய ஊர்ப் பிள்ளைகளுக்கு, எங்களுக்குக் கிடைத்த இலவசம் கிடைக்கவில்லை என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

போன மாதம் அக்காவிடம் லேப்டாப் என்ன ஆயிற்று என்று கேட்டேன். சார்ஜர் போய், பேட்டரி உப்பி, வல்லத்திராக்கோட்டை வீட்டுப் பரணில் கிடக்கிறதாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனிப் பெட்டியில் போட்டால் படிக்கலாம், கெட்டிருக்காவிட்டால். ‘கேவ் ஸ்டோரி’ ஆட்டத்தைச் சேமிக்கும் கோப்பு விளையாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். நாங்கள் கடைசியாகச் சேமித்தது மணல் பகுதியில். அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்த சமயம், அதற்கு மேல் போகவில்லை. இதைச் சொன்னதும் அவள், “பொங்கலுக்கு வர்றப்ப கழட்டு, நானும் வர்றேன்” என்றாள்.