மெலிந்தவருக்கும் மாரடைப்பு



"நாங்க மெலிவுதானே, எங்களுக்கு எங்க கொலஸ்ட்ரோல்?" தெஹியோவிட்ட டவுனில் சிகரெட்டும் கையுமாக நின்று இப்படித்தான் பேசுகிறோம். பிறகு ஜனாஸாவில், "நல்லா இருந்த மனுஷன்" என்கிறோம்.

எல்டிஎல் கொழுப்பு கூடுவது மட்டும் ஆபத்தில்லை. இரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து அது ஒட்சியேற்றமடைந்து பழுதாகிறது. பழுதானதை வெண்குருதிக் கலங்கள் விழுங்கி, கொழுப்பு நிரம்பி அங்கேயே தங்குகின்றன. அந்தப் படிவு ஒருநாள் வெடித்தால் இரத்தம் உறைந்து குழாய் அடைபடும். அதுதான் மாரடைப்பு. சிகரெட் புகை இந்தப் பழுதைக் கூட்டுகிறது.

விட்டமின் ஈ குளிசை தடுக்கும் என்று நம்பினார்கள். 9,000க்கு மேற்பட்டோரிடம் செய்த ஹோப் ஆய்வு, பலனில்லை என்று 2000இல் காட்டியது. ஆகவே குளிசையைத் தேடாமல் சிகரெட்டை விடுவோம். 35 வயது தாண்டினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஷரையும் சீனியையும் கொலஸ்ட்ரோலையும் பார்ப்போம்.

உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம்.