காலை வைங்க, பாரத்தை அப்புறம் வைங்க

ஜனவரி 4, ஞாயிறு

இன்று பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டைகள் வந்து இறங்கியபடி இருந்தன. வியாழனும் ஞாயிறும் எங்கள் ஊர் வடுகபட்டிக்கு ஓய்வே கிடையாது. தாள் கிள்ளி, தரம் பிரித்துவிட்டு எழும் பெண்கள் முழங்காலில் கையை ஊன்றித்தான் எழுகிறார்கள். வயதானவர்கள் சுவரைத் தேடுகிறார்கள். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள்; விழுந்து இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது என்ற பயம்தான் அவர்களை வாட்டுகிறது. சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தபோது, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சீனப் பெரியவர்களோடு நின்று நான் கற்ற தாய் சி என்னும் மெதுவான அசைவுப் பயிற்சி இவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஜனவரி 5, திங்கள்

காலையில் பக்கத்துத் தெருப் பெண்கள் சிலர் வந்தார்கள். நிற்பதிலிருந்து தொடங்கினேன். பாதங்களுக்கு இடையே தோள் அகலம், முழங்கால் லேசான மடக்கு, தோள் தளர்வு. பிறகு ஒரே ஓர் அடி. எடை முழுவதும் இடது காலில் இருக்க, வலது குதிகால் மட்டும் தரையைத் தொட வேண்டும். “காலை வைங்க, பாரத்தை அப்புறம் வைங்க” என்றேன். குதிகால், உள்ளங்கால், விரல் என்று பாதம் படிந்த பிறகுதான் உடல் முன்னே போக வேண்டும். முழங்கால் விரல் நுனியைத் தாண்டக் கூடாது.

“டீச்சரு, தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரியில்ல இருக்கு” என்றார் மூத்தவர்.

“அப்படித்தான் மதினி. அவசரமே வேண்டாம்.”

வேகமாக நடக்கையில் ஒரு காலில் நிற்கும் நேரம் நமக்கே தெரிவதில்லை. மெதுவாக நடந்தால் அந்த நேரம் நீள்கிறது. தொடையும் கணுக்காலும் உடலைத் தாங்கப் பழகுகின்றன.

ஜனவரி 9, வெள்ளி

“இது நம்ம மனவளக்கலை மாதிரியா?” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. கூடுவாஞ்சேரி நெசவாளர் வீட்டில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, மனவளக்கலையின் எளியமுறை உடற்பயிற்சியைத் தமிழ்நாட்டின் சிற்றூர்வரை கொண்டுபோனார். அதில் தரையில் உட்கார்ந்தும் படுத்தும் செய்பவை பல. தாய் சி நின்றபடியே செய்வது. உட்கார்ந்து எழச் சிரமப்படுபவர்களுக்கு இது வசதி. இரண்டிலும் மூச்சும் அசைவும் சேர்ந்தே போகின்றன. மனம் அடங்குவதும் அதனால்தான்.

சீனாவில் போர்க்கலையாக வளர்ந்தது தாய் சி. எல்லோரும் கற்கட்டும் என்று 1956-இல் அந்நாட்டு விளையாட்டுத் துறை 24 அசைவுகளாகச் சுருக்கியது. 2020-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் முடிந்து மறுபடியும் கூடினோம். இன்று ‘மேகக் கைகள்’ என்ற அசைவு. ஒரு கை முகத்துக்கு முன்னாலும் மறு கை வயிற்றுக்கு முன்னாலும் மிதக்க, இடுப்பு திரும்ப, எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறது. கை இடுப்பைத் தொடர வேண்டும். தனியே வீசக் கூடாது. மதினி நாற்காலி முதுகை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே செய்தார். அதுவும் சரியே. பிடிமானத்தைப் பிடுங்கிக்கொண்டு யாருக்கும் கற்றுத்தர முடியாது.

அமெரிக்காவின் ஓரிகனில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. வாரம் இரண்டு வகுப்பாக 24 வாரம் தாய் சி செய்தவர்களுக்கு உடல் சமநிலை கூடியது. தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்கள் குறைவாக விழுந்தார்கள். இதைச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொன்னேன்: சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தக் கூடாது; தலைசுற்றல் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

தாய் சிக்குச் சீருடை வேண்டாம், கருவி வேண்டாம், ஆறடி இடம் போதும். அம்மா, அப்பாவை “விழுந்துடாதீங்க” என்று உட்கார வைத்துவிடும் பிள்ளைகளே, உட்கார்ந்த கால் இன்னும் சீக்கிரம் வலுவிழக்கும். அவர்கள் பக்கத்தில் நின்று, தினமும் சிறிது நேரம் மெதுவாக நடக்கப் பழக்குங்கள்.