வெட்டிய ஐந்து புள்ளி

உயர்தரத்துக்கு ஐ.சீ.டீ. படிப்பிக்கிறவர்களுக்காக எழுதுகிறோம். மற்றவர்களும் வாசிக்கலாம், லைப்ரரியில் புத்தகம் எடுத்த அனுபவம் போதும்.

எங்கள் பாடசாலையில் இந்தப் பாடத்துக்கு நாங்கள் இரண்டு பேர். லைப்ரரி இரவல் முறைக்குத் தரவுப் பாய்ச்சல் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, அதைக் கிளாஸ் டயகிராமாக மாற்றச் சொன்னோம். சூத்திரமும் கொடுத்தோம்: தரவுக் களஞ்சியம் கிளாஸ் ஆகும், செயல்முறை மெதட் ஆகும். நாங்களும் அப்படித்தான் படித்து வந்தோம்.

வரைபடத்தில் இருந்த களஞ்சியங்கள் இரண்டே இரண்டு, உறுப்பினர், புத்தகம். 'அபராதம் கணித்தல்' உறுப்பினருக்குள் வரவேண்டும் என்பது எங்கள் விடை. ஒரு மகள் மட்டும் 'இரவல்' என்று புதிய கிளாஸ் கீறி அதற்குள் போட்டிருந்தா. இல்லாததைக் கீறியதற்கு ஐந்து புள்ளி வெட்டினோம்.

இன்டர்வலில் வந்து கேட்டா: "சேர், ஒராள் மூன்று புத்தகம் எடுத்து ஒன்றை மட்டும் பிந்திக் கொடுத்தா, அபராதம் ஆளுக்கா, அந்த எடுப்புக்கா?"

வாய் அடைத்துப் போனது. கொடுக்கவேண்டிய திகதியும் கொடுத்த திகதியும் ஆளிடமும் இல்லை, புத்தகத்திடமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நடந்த இரவலிடம்தான் இருக்கிறது.

டாம் டிமார்க்கோவின் கட்டமைப்புப் பகுப்பாய்வு நூல் 1978இல் வந்தது. யூ.எம்.எல். நியமமானது 1997இல். முதலாவது, என்ன நடக்கிறது, தரவு எங்கே போகிறது என்று கேட்கும். மற்றது, என்ன இருக்கிறது, அதற்கு என்ன தெரியும் என்று கேட்கும். இரண்டு களஞ்சியங்களைத் தொடுகிற செயல்முறைக்கு யார் சொந்தக்காரன் என்று முதல் படம் சொல்வதேயில்லை. சொல்லவேண்டிய தேவையும் அதற்கில்லை. திருப்பி மாற்றினாலும் இதே கரைச்சல்தான். கிளாஸ் டயகிராமை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தரவு எங்கிருந்து எங்கே பாய்கிறது என்று கீற முடியாது. ஆக, மாற்றுவது என்றால் மறுபடி லைப்ரரிக்குப் போய்க் கேட்கத்தான் வேண்டும். நாங்கள் அதை மொழிபெயர்ப்பு மாதிரிப் படிப்பித்துவிட்டோம்.

ஐந்து புள்ளியையும் திருப்பிக் கொடுத்தோம். சூத்திரப்படி எழுதிய மற்றப் பிள்ளைகளுக்கு வெட்டவில்லை, அவர்கள் நாங்கள் சொன்னதைத்தானே செய்தார்கள். அச்சடித்த டியூட்டில் அந்த வரி இன்னும் கிடக்கிறது. சனிக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேனையால் வெட்டவேண்டும்.