‘தெரியாம அமுக்கிட்டேன்ப்பா’

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி என்று தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்ததிலிருந்து, சிங்கப்பூர்வாழ் தமிழகத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதைப் பற்றிய சண்டை ஓயவில்லை. இலவசம் பிள்ளைகளைக் கெடுக்குமா, 2011இல் கொடுத்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு, மூடியில் யார் படம், உள்ளே எத்தனை ஜிபி? செங்காங்கிலும் உட்லண்ட்ஸிலும் உட்கார்ந்துகொண்டு சேலத்து அரசியலை அலசுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அரசோ பள்ளியோ சொல்லிப் பிள்ளை கையில் ஏறிய ஒரு கருவி ஒரே இரவில் வெறுமையாகிப்போனால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் அந்தக் குழுக்களில் எழுவதே இல்லை. இத்தனைக்கும் அது நடந்ததே இந்த ஊரில்தான்.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை இரவு. 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் ஐபேடுகளும் குரோம்புக்குகளும் தொலைவிலிருந்தே துடைத்து அழிக்கப்பட்டன. பிள்ளைகள் கண்ட தளத்துக்குப் போகாமல் தடுக்கவும், திரை நேரத்தைக் கட்டுப்படுத்தவும் அவற்றில் ‘மொபைல் கார்டியன்’ என்ற செயலி போடப்பட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் தளத்துக்குள் யாரோ அத்துமீறி நுழைந்தார்கள். காவலுக்கு வைத்த செயலி வழியாகவே களவு. ஆண்டிறுதித் தேர்வுகள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் வேறு. மேகச் சேமிப்பில் நகல் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். காகிதத்தில் குறிப்பு எழுதுகிற பழைய பழக்கம் விடாதவர்கள் கவலையே படவில்லை.

சிங்கப்பூர் என்றாலே எல்லாம் ஒழுங்கு என்று ஊருக்குப் போய் அளக்கிறவர்கள் இதன் முன்கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலிலேயே அதே நிறுவனத்திலிருந்து 127 பள்ளிகளின் பெற்றோர், பணியாளர் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்திருந்தன. மே இறுதியில் பொதுமக்களில் ஒருவர், செயலியில் ஓட்டை இருக்கலாம் என்று கல்வி அமைச்சுக்கே எழுதினார்; அது முன்பே கண்டறிந்து அடைக்கப்பட்டுவிட்டது என்றது அமைச்சு. ஆகஸ்ட் சம்பவத்துக்குப் பிறகு எல்லா மாணவர் கருவிகளிலிருந்தும் அந்தச் செயலியை எடுத்துவிட்டார்கள். பள்ளி பள்ளியாகத் தொழில்நுட்பக் குழுக்கள் போயின.

இவ்வளவு குறை சொன்னபின்னும், ஒத்திகை என்ற ஒன்றில் இந்த நாட்டை மிஞ்ச ஆள் கிடையாது. 1942இல் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிப்ரவரி 15ஆம் நாளை முழுமைத் தற்காப்பு தினமாக நினைவுகூர்கிறார்கள். மாலை 6.20க்கு எச்சரிக்கை ஒலி தீவெங்கும் ஊளையிடும். புதிதாக வேலைக்கு வந்த தமிழகத்துப் பையன் பதறிப்போய் சன்னல் பக்கம் ஓடுவான். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி காய் நறுக்குவதைக்கூட நிறுத்த மாட்டார். 1984இல் ஐந்து தூண்களோடு தொடங்கிய முழுமைத் தற்காப்பில், 2019இல் மின்னிலக்கத் தற்காப்பு ஆறாவது தூணாகச் சேர்ந்தது. 2025 பிப்ரவரியில் நடந்த ‘எஸ்ஜி ரெடி’ பயிற்சியில் மின்தடை ஒத்திகையும் போலி மோசடி மின்னஞ்சல்களும் இருந்தன. ஆளைச் சிக்கவைக்கிற மாதிரியே ஒரு மின்னஞ்சல் வரும். சுட்டியைத் தட்டினால் அது பயிற்சி என்று தெரியவரும். உண்மையான திருடனிடம் ஏமாறுவதற்கு முன், பொய்த் திருடனிடம் ஒருமுறை ஏமாந்து பார்த்துவிடலாம். தீயணைப்பு ஒத்திகைக்கு வரிசையில் இறங்குவதுபோல இதையும் ஒரு சடங்காக்கிவிட்டார்கள். அந்தச் சடங்குத்தனத்தைக் கேலி செய்கிற நம்மவர்களுக்குச் சடங்கின் அருமை தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

இந்தத் தயார்நிலை ஒத்திகையோடு நிற்பதில்லை. நிரந்தரவாசம் வாங்கிய வீட்டுப் பையன்களும் தேசிய சேவைக்குப் போகிறார்கள். 2022இல் ராணுவத்தின் நான்காவது படையாக மின்னிலக்க, உளவுப் படை உருவானதிலிருந்து சில வீடுகளில் புது ஆசை ஒன்று முளைத்திருக்கிறது: வெயிலில் ஓடாமல் கணினி முன் சேவை முடியாதா?

ஆனால் ஒத்திகையால் மட்டும் தீராத ஒன்று உண்டு. அதற்கு 2018க்குப் போக வேண்டும். சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவுபோயின. அவர்களில் 1,60,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர். விசாரணைக் குழுவின் முன் வந்தவற்றில் மிகவும் உறுத்தியது தொழில்நுட்ப ஓட்டை அல்ல. ஏதோ தவறு நடக்கிறது என்று கீழ்நிலை ஊழியர்கள் சிலர் கண்டுகொண்டிருந்தார்கள். இடைநிலை அதிகாரி ஒருவர் மேலே சொல்லத் தயங்கினார். சொன்னால் ஆளாளுக்கு விவரம் கேட்டுத் துரத்துவார்களே என்ற எண்ணம் அவருக்கு.

படித்த, சம்பளம் வாங்குகிற, வயது வந்த அதிகாரிக்கே வாய் வரவில்லை என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படி வரும்? இணைய அவசரத்துக்கு இளையவர்களைத் தயார்ப்படுத்துவது என்றால் தமிழ்ப் பெற்றோர் உடனே பைத்தான் வகுப்பையும் எத்திக்கல் ஹேக்கிங் சான்றிதழையும் நினைக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இங்கே இணையப் பாதுகாப்புப் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. ‘கேப்சர் தி ஃபிளாக்’ என்ற ஹேக்கிங் போட்டியும் உண்டு. நல்லதுதான், பதக்கமும் கிடைக்கும். ஆனால் அவசரம் வரும் நாளில் முதலில் தேவைப்படுவது ‘தெரியாம அமுக்கிட்டேன்ப்பா’ என்று அடுத்த நிமிடமே சொல்லும் தைரியம். நம் வீடுகளில் அதற்குக் கிடைக்கும் பரிசு வசவு. போனைப் பிடுங்குவார்கள், ‘பக்கத்து வீட்டு ஆதி இப்படியா?’ என்பார்கள். படத்தைக் காட்டி மிரட்டுகிறவனுக்குப் பயந்து ஒரு பெண்பிள்ளை வாரக்கணக்கில் வாய்மூடி இருப்பதும், விளையாட்டுச் செயலியில் அப்பாவின் அட்டையைத் தட்டிய பையன் வங்கிக் குறுஞ்செய்தியை அழித்துவிடுவதும் இந்தப் பயத்தினால்தான். தஞ்சாவூரிலும் தெம்பனிஸிலும் இதில் துளி வேறுபாடு கிடையாது. ஒத்திகையில் முதல் இடம் பிடிக்கிற நாட்டில் குடியிருந்துகொண்டு, இந்த ஒன்றை மட்டும் ஊரிலிருந்து அப்படியே பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

ஊரை மட்டம் தட்டுகிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான மென்பொருள் புதுப்பிப்பால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சாங்கி விமான நிலையத்தில் சில நிறுவனங்கள் கையால் செக்-இன் செய்ய, வரிசை நீண்டது. அதே நாளில் இந்தியாவில் இண்டிகோ ஊழியர்கள் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து போர்டிங் பாஸையே எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தை உலகம் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்கள் கவனிக்காதது, அந்தப் பயணிகள் அந்தத் தாளை வைத்துக்கொண்டே பறந்தார்கள் என்பது. கரண்ட் போவதும் சர்வர் டவுன் ஆவதும் பழகிப்போன நாட்டில் மாற்று வழி தேடும் புத்தி ரத்தத்தில் ஊறியிருக்கிறது. சிங்கப்பூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வாய்க்காதது அந்தப் பயிற்சிதான்.

தமிழ்நாட்டின் பக்கத்து மாநிலத்திலேயே இன்னும் நல்ல உதாரணம் உண்டு. கேரளத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் தகவல்தொழில்நுட்ப மன்றங்கள் இயங்குகின்றன. 2022இல் அந்த மாணவர்கள் லட்சக்கணக்கான தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். அம்மாவுக்கே பாடம் சொன்ன பிள்ளை, அம்மாவிடம் எதையும் மறைக்க வேண்டிய தேவை குறைகிறது. சிங்கப்பூரின் கச்சிதமான ஒத்திகைகளில் இல்லாத புத்திசாலித்தனம் இது.

மறைக்காமல் உடனே சொல்வது பிள்ளைகளுக்கு மட்டுமான பாடமல்ல. 2024இல் சிங்கப்பூர் மக்கள் மோசடிகளில் இழந்தது 110 கோடி வெள்ளிக்கும் மேல். ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். ஆக, ‘பாட்டிகள்தான் ஏமாறுவார்கள்’ என்பது வெறும் ஆறுதல். இங்கே சந்தேகம் வந்தால் அழைக்க 1799. இந்தியாவில் பணம் போனதும் அழைக்க 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்கப்பட வாய்ப்பு அதிகம்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், தாத்தா பாட்டி போனில் 1930ஐப் பதிந்து கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று எவனாவது போலீஸ் வேடத்தில் வீடியோவில் மிரட்டினால் என்ன செய்வது என்று அவர்களே தாத்தாவுக்கு நடித்துக் காட்டட்டும். கிளம்புவதற்கு முன், உங்கள் வீட்டு ஐபேடில் இருப்பதற்கு நகல் வேறெங்காவது இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால் திட்டாதீர்கள்.