பாட்டிக்கு ஓர் இடம்

குடும்பம் வளர்கிறது, கார் வளர்வதில்லை. இந்தச் சின்ன உண்மையைத் தெரிந்துகொள்வதற்கு எங்களுக்கு மூன்று குழந்தைகள் பிறக்க வேண்டியிருந்தது!

மேற்கு மாம்பலத்தில், ஓர் ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் ஆட்டோ ஒதுங்கி நிற்கவேண்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. கல்யாணமான புதிதில் வாங்கிய சிறிய கார் வாசலில் நின்றது. அன்றைக்கு அது எங்களுக்கு அரண்மனை. பெரியவள் பிறந்தாள், அப்போதும் சௌகரியந்தான். பையன் பிறந்தான், சமாளித்தோம். கடைசியாகக் கைக்குழந்தையும் வந்து சேர்ந்தபோது, என் மாமியாரையும் சேர்த்து வீட்டில் ஆறு பேர் ஆகிவிட்டோம். காரிலோ ஐந்து பேருக்குத்தான் இடம். அதுவும் பின்னால் உட்காரும் மூன்று பேரும் விட்டுக்கொடுக்கும் சுபாவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும்.

அத்தைக்குக் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். குலதெய்வமும் அங்கேதான். முன்பெல்லாம் ஊருக்குக் கிளம்புகிறோம் என்றால் முதலில் புடைவை மடித்து வைப்பவர் அவர்தான். கைக்குழந்தை வந்த பிறகு பேச்சு மாறிவிட்டது. "எனக்கு இப்பல்லாம் கார் ஒத்துக்கறதில்லேம்மா; தலை சுத்துது. நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்பார்.

வயசாகிவிட்டது, பாவம் என்று நாங்களும் நம்பினோம். ஒரு நாள் ராத்திரி, தலை பின்னிக்கொண்டிருந்தபோது பெரியவள் சொன்னாள்: "அம்மா, பாட்டிக்குத் தலையும் சுத்தலை, ஒண்ணும் சுத்தலை. தனக்கு இடம் இல்லைன்னு தெரிஞ்சுதான் அப்படிச் சொல்றா."

சீப்பு என் கையில் அப்படியே நின்றுவிட்டது. வேறு கார் வாங்குவதென்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

அதற்கேற்றாற்போல் பழைய காரின் பதிவுக் காலமும் முடியும் சமயம். சொந்த உபயோகத்துக்கான காருக்கு முதல் பதிவு 15 வருஷத்துக்குத்தான். பிறகு பரிசோதனைக்குக் காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். பசுமை வரி வேறு. கையில் இருந்ததையும் சீட்டுப் பணத்தையும் பழைய கார் விற்றால் வரக்கூடியதையும் கூட்டிப் பார்த்தேன். ஆறு லட்சம் தேறியது. "இதற்குமேல் ஒரு பைசா கிடையாது" என்று என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதல் யாத்திரை புதுப்பேட்டைக்கு. எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டி இருக்கும் அந்தத் தெருக்களைப் பார்க்காதவர்கள் ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரு கடையில் கதவுகளாகத் தொங்கும். அடுத்த கடையில் பம்பர்கள். அதற்கடுத்ததில் முன் விளக்குகள், நூறு கண்களுடன் நம்மையே முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்கும். சென்னையில் ஆயுள் முடிந்த கார்கள் அக்கக்காகப் பிரிந்து வேறு கார்களுக்கு ஆயுள் கொடுக்கும் இடம் அது. அங்கேதான் எங்கள் காருக்குப் பல வருஷமாக வைத்தியம் பார்த்த மெக்கானிக் பாய் இருக்கிறார்.

அவர் எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்லவில்லை. நான்கு கேள்விகள்தான் கேட்டார். "எத்தனை பேர் போவீங்க? மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? வண்டியை எங்கே நிறுத்துவீங்க? உங்க வீட்டிலே ரொம்ப கஷ்டப்பட்டு ஏறி இறங்கறவங்க யாரு?"

கடைசிக் கேள்வி எங்கள் இருவர் மனத்திலும் அதுவரை தோன்றவே இல்லை!

வீட்டுக்கு வந்து, ரவிக்கைத் துணி அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலை அளந்தேன். கேட்டிலிருந்து படிக்கட்டு வரை 4.2 மீட்டர். என் கணவர் ஆசைப்பட்ட இன்னோவா கிரிஸ்டாவின் நீளம் 4.735 மீட்டர். எர்டிகாவும் 4.2 மீட்டரைத் தாண்டும். இரண்டும் நல்ல வண்டிகள். ஆனால் வாலைத் தெருவில் நீட்டிக்கொண்டல்லவா நிற்கும்! ஒரகடம் தொழிற்சாலையில் தயாராகும் டிரைபர், மூன்று வரிசை இருந்தும் 3.99 மீட்டர்தான்.

இந்த 'நான்கு மீட்டருக்குள்' என்ற கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. நீளம் 4 மீட்டருக்குள்ளும், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும் அடங்கிய கார்களுக்கு 2006-ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டிலேயே வரிச் சலுகை வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். வரி குறைந்த செய்தியைப் பார்த்ததும் புதிதாகவே வாங்கிவிடலாமா என்று எங்களுக்குச் சபலம் தட்டியது. சாலை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். நம் ஆறு லட்சம் தாங்காது என்று தெரிந்தது. கைமாறிய வண்டிதான் என்று முடிவாயிற்று.

டீசலா, பெட்ரோலா என்ற விவாதம் ஒரு வாரம் நடந்தது. எங்கள் கார் மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். டீசலில் மிச்சமாகும் சில்லறை, அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் விலையை எட்டிப் பிடிப்பதற்குள் கைக்குழந்தை காலேஜுக்குப் போய்விடும்! பெட்ரோல் என்று தீர்ந்தது.

ஐப்பசி மழைக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய கார் விற்பவர்களிடம் அலைந்தோம். ஓர் இடத்தில் பளபளவென்று ஒரு கார். விலையும் நயம். என் கணவர் அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை விட்டுவிட்டார். உடன் வந்த பாய், பின் இருக்கையின் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வெளியே தெரிந்த பகுதி சுத்தம். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு! கால் மிதியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். இருக்கைக்கு அடியில் இருந்த இரும்புத் தண்டவாளத்தைத் தடவினார்; விரலில் துரு. "வண்டி தண்ணி குடிச்சிருக்கும்மா" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

சென்னையில் இது முக்கியமான விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் முழுகின. அந்த அனுபவத்தால்தான் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் ஜனங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முழுகிய காருக்கு வண்ணம் பூசிவிடலாம். மின்சார ஒயர்களுக்குள் புகுந்த நீர் செய்த கெடுதல் ஆறு மாதம் கழித்துத்தான் தலை காட்டும்.

பாயின் நான்காவது கேள்விக்காக அத்தையையும் அழைத்துப் போனோம். "எனக்கு எதுக்கும்மா கார்?" என்று மறுத்துக்கொண்டேதான் வந்தார். உயரமான வண்டியில் ஏற அவர் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. தாழ்வான காரில் சுலபமாக உட்கார்ந்தார். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நாலாவதாக, நான்கு வருஷம் ஓடிய ஒரு டிரைபர். கதவைத் திறந்ததும் இருக்கை சரியாக அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். மறுபடி இறங்கினார். மறுபடி தாமாகவே ஏறினார். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. என் கணவர் மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

'ஏழு பேர் உட்காரலாம்' என்று விளம்பரம் சொல்லும். ஏழு பேரும் அவர்களுடைய மூட்டைகளும் என்று சொல்லாது! இந்த வண்டியில் எல்லா இருக்கைகளும் இருந்தால் பின்னால் 84 லிட்டர் இடந்தான். இரண்டு கைப்பை வைக்கலாம். கடைசி வரிசையைக் கழற்றிவிட்டால் 625 லிட்டர். அந்த இரண்டு இருக்கைகளையும் தனித்தனியாகக் கழற்றலாம் என்பதுதான் எங்களுக்குப் பிடித்தது. ஒன்றைக் கழற்றிப் பரணில் போட்டோம். ஆறு பேருக்கும் இடம், பெட்டிக்கும் இடம்!

காகித விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் பாங்குக் கடன் பதிவு இருந்தால், அது படிவம் 35 மூலம் நீங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுப் போட வேண்டும். விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி வண்டியைச் சேர்ந்ததல்ல, மனிதரைச் சேர்ந்தது. ஆகவே பழைய காரில் சம்பாதித்ததைப் புதிய காருக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்து ஐந்து லட்சத்து எழுபதாயிரத்தில் முடிந்தது. மிச்சப் பணத்தில் நான்கு டயர்களும், குழந்தைக்கு ஒரு தனி இருக்கையும் வாங்கினோம். மடியில் வைத்துக்கொண்டால் பத்திரம் என்று நினைக்கிறோம். திடீரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

தை பிறந்தது. குழந்தைக்கு முடி இறக்கிக் காது குத்த நாள் பார்த்தோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். முன்னால் என் கணவரும் அத்தையும். நடுவே நான், குழந்தை, பையன். கடைசி இருக்கையில் பெரியவள், பக்கத்தில் பெட்டிகளுடன், தனி அறை கிடைத்த ராணியைப் போல.

தாம்பரம், வண்டலூர் தாண்டி, செங்கல்பட்டில் கொளவாய் ஏரியின்மேல் பொழுது விடிந்தது. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோவிலுக்கு நேராக அத்தை கைகூப்பினார். ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதை வெள்ளைக்காரக் கலெக்டர் கண்டதாகச் சொல்லும் கதையைப் பையனுக்குச் சொன்னார். வழியெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பலகைகள். "நம்ம ஊர்க் காபியை நம்ம ஊர் போறதுக்கு முன்னாடி எதுக்குக் குடிக்கணும்?" என்று அத்தை கேட்டார். ஆனாலும் குடித்தார், பித்தளை டபராவில் இரண்டு தடவை!

விக்கிரவாண்டியில் திரும்பிப் பண்ணுருட்டி. சாலையோரம் முந்திரிப் பருப்பு வாங்கினோம். வடலூரில், வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையாமல் எரிவதைக் குழந்தைகளுக்குக் காட்டினோம். சேத்தியாத்தோப்பைக் கடந்தால் வீராணம் ஏரி. சோழர்கள் வெட்டிய ஏரி. 2004 முதல் சென்னைக்குக் குடிதண்ணீர் அனுப்புகிறது. "நம்ம வீட்டுக் குழாய்க்கு இவ்வளவு தூரத்திலிருந்தா வருது?" என்று பையன் வாயைப் பிளந்தான்.

அணைக்கரையில் காரை நிறுத்தச் சொன்னார் அத்தை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கட்டிய கீழணை அது. அதைத் தாண்டினால் தஞ்சாவூர்ச் சீமை. காற்றில் அறுவடையான சம்பாவின் வைக்கோல் வாசனை வந்தது. அத்தை தாமாகவே கதவைத் திறந்து, காலை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்து இறங்கினார். வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தலை சுத்துதா, அத்தை?" என்று பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"எனக்கு எப்பம்மா தலை சுத்திச்சு?" என்றார் அவர், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று மத்தியானம், என் அண்ணன் மடியில் உட்கார வைத்துக் குழந்தைக்குக் காது குத்தியபோது, அது ஊரையே கூட்டியது. அத்தை அதைவிடப் பலமாகத் தம் வயசுத் தோழிகளைக் கூப்பிட்டு, ஒவ்வொருவராகக் காரில் ஏற்றி இறக்கிக் காட்டினார்!

சகோதரிகளே! கார் வாங்கப் போகும்போது விலையைப் பாருங்கள், வாசலை அளந்துகொள்ளுங்கள், பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், 'நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க' என்று உங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள். அவரைக் கையோடு அழைத்துப் போய் அவருக்குப் பொருந்தும் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

நாங்கள் எல்லோரும் போய்விட்டால் வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்கிறீர்களா? மாம்பலம் ரங்கநாதன் தெருவில் 400 ரூபாய்க்கு ஒரு பூட்டு வாங்கியிருக்கிறோம். அது பார்த்துக்கொள்கிறது.